பழுது பார்ப்பவன் படிக்காதவனா?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

சென்ற பொங்கல் விடுமுறையில் வகுப்புத் தோழன் ஒருவனின் ஊருக்குச் சென்றிருந்தேன். மதுராந்தகத்தை அடுத்த ஒரு சிற்றூர். அவர்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில், மாடுகளுக்கு நடுவே இன்னொரு மாடு போலவே, ஒரு பழைய மாசி பெர்குசன் டிராக்டர் நின்றுகொண்டிருந்தது. சிவப்பு வண்ணம் வெளுத்துச் செங்கல் நிறமாகிவிட்டது. இருக்கையின் மேல் நான்காக மடித்த சாக்கு. நெற்றியில் மட்டும் புதிதாக வைத்த சந்தனமும் குங்குமமும்.

"இன்னுமா ஐயா இது ஓடுகிறது?" என்று தோழனின் தந்தையிடம் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பொங்கல் சோறு ஆறும் வரை அதன் வரலாற்றைச் சொன்னார். வரலாற்று மாணவனாகிய எனக்கு அது புதிய பாடம். எந்த ஆண்டு பிஸ்டன் ரிங் மாற்றியது, எந்த ஆண்டு கிளட்ச் தட்டு தேய்ந்தது, எந்த மழையில் சேற்றில் புதைந்தது என்று ஆண்டுவாரியாக அவருக்கு நினைவிருந்தது. கடைசியில் அவர் சொன்ன சொல்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

"இதைத் தள்ளிட்டுப் புதுசு வாங்குங்கன்னு பேங்க்காரர்லேருந்து மாப்பிள்ளை வரைக்கும் சொல்றாங்க தம்பி. இதைத் தொறந்தா உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். புதுசைத் தொறந்தா அவனுக்குத்தான் தெரியும்."

யார் அந்த 'அவன்'? திரும்பி வரும் பேருந்தில் இதையே எண்ணிக்கொண்டு வந்தேன். ஏனென்றால் ஏறக்குறைய இதே சொற்களை எங்கள் குப்பத்துக் கடற்கரையில் என் தாய்மாமன் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நான் ஊரூர் ஒல்காட் குப்பத்தைச் சேர்ந்தவன். பெசன்ட் நகர் கடற்கரைக்குக் காற்று வாங்க வரும் தோழர்கள் சற்று வடக்கே நடந்தால், அடையாற்று முகத்துவாரத்துக்கு முன்பாக எங்கள் படகுகளைக் காணலாம். பிரம்மஞான சபையைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான கர்னல் ஒல்காட்டின் பெயரை எங்கள் ஊர் தாங்கியிருக்கிறது. அவருடைய சபை 1882-ல் அடையாற்றுக்கு வந்தது; எங்கள் முன்னோர் அதற்கும் முன்பே அங்கே வலை வீசிக்கொண்டிருந்தவர்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது நிற்க.

என் தாத்தா காலத்தில் பழுது என்றால் கயிறு, அவ்வளவுதான். கட்டுமரம் என்ற பெயரிலேயே அதன் பழுதுபார்க்கும் முறை அடங்கியிருக்கிறது. கட்டிய மரம். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துவிடலாம். மரங்களைப் பிரித்து வெயிலில் உலர்த்தி, நீர் ஊறிய கனம் இறங்கியதும் மறுபடி கட்டலாம். ஒரு மரம் உளுத்துப் போனால் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். உள்ளே மறைந்திருக்கும் பாகம் என்று அதில் எதுவுமே இல்லை. உலகம் முழுவதும் இன்று ஆங்கிலத்தில் வழங்கும் இந்தத் தமிழ்ச் சொல்லின் பெருமையைப் பற்றி மேடைகளில் முழங்குகிறோமே, அதை அவிழ்த்துக் கட்டத் தெரிந்த கைகள் இன்று எத்தனை பேருக்கு இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

பிறகு எஞ்சின் வந்தது. எங்கள் கரையில் துறைமுகம் கிடையாது. அலையை எதிர்த்து மணலிலிருந்து புறப்பட்டு, அலையோடு மணலில் வந்து ஏற வேண்டும். விசிறியும் தண்டும் அடியில் நீட்டிக்கொண்டிருந்தால் மணலில் மோதி முறியும். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கியபோது, அலைக்கரையில் ஏறி இறங்கக்கூடிய எஞ்சின் படகை உருவாக்குவதை ஒரு பெரிய வேலையாகவே எடுத்துக்கொண்டு உழைத்தார்கள். எங்கள் பக்கத்துப் பைபர் படகுகளில் இன்று காணும் ஏற்பாடு எளியது. படகின் பின்புறம் ஒரு சிறிய டீசல் எஞ்சின். அதிலிருந்து வால்போல ஒரு நீண்ட தண்டு. தண்டின் முனையில் விசிறி. கரை நெருங்கும்போது வாலைத் தூக்கிவிட்டால் போதும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நிவாரணமாகப் படகும் எஞ்சினும் வந்து குவிந்தபோது, எங்கள் கடற்கரையின் முகமே மாறிவிட்டது.

மாமாவின் எஞ்சின் அந்தக் காலத்தது. லம்பார்டினி என்பது இத்தாலிக்காரர் பெயர். எங்கள் குப்பத்தில் அது முனுசாமி, கோவிந்தசாமி போல ஓர் ஊர்ப் பெயராகிவிட்டது. ஒரே சிலிண்டர். தண்ணீரால் அல்ல, காற்றால் குளிரும் வகை. கயிற்றைச் சுற்றி இழுத்தால் கிளம்பும். வயலில் டிராக்டருக்கு இருபது ஆண்டு நடுவயது. உப்புக்காற்றில் எஞ்சினுக்கு இருபது ஆண்டு என்பது கிழப்பருவம். ஆனால் கிழவன் நடக்கிறான்.

எப்படி நடக்கிறான் என்பதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் கரைக்கு வந்ததும், சூடு ஆறிய பின், நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் மாமா அதைத் துடைப்பார். முக்கியமாக, சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் இறகுகளின் இடுக்கில் உப்பு படியக் கூடாது. படிந்தால் காற்றுப் புகாது, சூடு ஏறிவிடும். பிறகு எண்ணெய்த் துணி. தண்டின் புஷ்ஷுக்கு கிரீஸ். டீசலை வடிகட்டாமல் ஊற்றவே மாட்டார். புகையைப் பார்த்து நோய் சொல்வார். கறுப்புப் புகை என்றால் காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது, அல்லது டீசல் அளவுக்கு மீறிப் போகிறது. நீலப் புகை என்றால் ரிங் தேய்ந்து எஞ்சின் ஆயில் எரிகிறது. காலைக் குளிரில் வரும் வெள்ளைப் புகை தானே போய்விடும்; போகாவிட்டால் நாசிலைக் கழற்ற வேண்டும். நாடி பிடிக்கும் வைத்தியரை நாம் 'பண்டிதர்' என்கிறோம். மாமாவை என்னவென்று சொல்கிறோம்? 'மெக்கானிக்' என்றுகூட முதலாண்டில் நான் சொல்லவில்லை. வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று வகுப்பில் கேட்டபோது, 'மாமா சும்மா இருக்கிறார்' என்று சொன்னேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆயினும் எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி விடியலில், கரை திரும்பும் நேரத்தில், அலை பக்கவாட்டில் அடித்துப் படகு கவிழ்ந்தது. ஆட்களுக்கு ஆபத்தில்லை. எஞ்சின் கடலுக்குள் போய்விட்டது. பத்துப் பேர் மூழ்கித் தேடி அதைக் கரைக்கு இழுத்துவர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நான் அதைத் துடைத்து வெயிலில் வைக்கப் போனேன். படித்தவன் அல்லவா?

"டேய், வெயில்ல வெக்காத. டிரம்மு நெறைய நல்ல தண்ணி புடி. அதுக்குள்ள முக்கு" என்றார் மாமா.

கடலில் மூழ்கிய எஞ்சினை மறுபடியும் தண்ணீரில் மூழ்கடிப்பதா? அதிர்ச்சியில் பேச்சு மாறிவிட்டது என்றே நினைத்தேன். அவரோ அமைதியாக, "காத்து பட்டாதான் துரு. கருவி எல்லாம் எடுத்தாந்து நான் கைவெக்கற வரைக்கும் அது தண்ணிக்குள்ள கெடக்கட்டும்" என்றார்.

பிறகு ஒருநாள் நம் வேதியியல் துறை ஆசிரியர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இரும்பு துருப்பிடிக்க நீரும் வேண்டும், ஆக்சிஜனும் வேண்டும். உப்பு அதை விரைவுபடுத்தும். ஈரமும் உப்புமாகக் காற்றில் கிடக்கும் இரும்புதான் மிக வேகமாக அரிக்கும். நன்னீர் உப்பைக் கழுவும், காற்றையும் தடுக்கும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினார். "உங்கள் மாமா எந்தக் கல்லூரி?" என்று கேட்டார். கேலியாக அல்ல.

அன்று நடந்த வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மணலில் எஞ்சினைத் திறப்பது பாவம். ஒரு துகள் உள்ளே போனாலும் சிலிண்டர் கீறிவிடும். ஆகவே, யாரோ ஒரு தலைவரின் பிறந்தநாள் பிளெக்ஸ் பேனரைக் கவிழ்த்து விரித்தோம். (அந்தத் தலைவர் மக்களுக்குப் பயன்பட்டது அன்றுதான்.) கழற்றும் திருகுகள் வரிசைப்படி கொட்டாங்குச்சிகளில். முதலில் நாசிலைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றினார். உள்ளே இருந்த நீர் பீச்சியடித்தது. நீர் உள்ளிருக்கும்போதே கயிற்றை இழுத்துக் கிளப்பியிருந்தால் நீரை அமுக்க முடியாமல் தண்டு வளைந்திருக்கும். நாசில் துளை வழியே கொஞ்சம் எண்ணெய் விட்டார். அடியிலிருந்து ஆயிலை இறக்கினால், பால் விட்ட தேநீர் போல வந்தது. டீசல் ஊற்றிச் சுற்றி வடித்தார். மறுபடி ஊற்றி வடித்தார். புது ஆயில். பிறகு குழாயின் நட்டை இளக்கி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை காற்றை வெளியேற்றினார். மாலை ஐந்து மணிக்கு மூன்றாவது இழுப்பில் எஞ்சின் இருமியது. ஐந்தாவது இழுப்பில் ஓடியது. குப்பமே கைதட்டியது. அவரோ அரைமணி ஓடவிட்டு, நிறுத்தி, அந்தப் புது ஆயிலையும் இறக்கிவிட்டார். அதுவும் வெளுத்திருந்தது.

நண்பகலில் என் அத்தையின் வற்புறுத்தலால் ஒரு விற்பனை நிலையத்திற்குத் தொலைபேசியில் கேட்டிருந்தோம். எஞ்சினைப் பாராமலே, "கடல் தண்ணீர் போய்விட்டதா? பேசாமல் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். அவர்கள் வியாபாரம் அது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் எங்கள் வீட்டுக் கணக்கு வேறு. புது எஞ்சினுக்குக் கடன் என்றால், மீன் வியாபாரியிடம் முன்பணம். முன்பணம் என்றால், அவர் சொன்ன விலைக்கு மீன். எஞ்சினைத் திறக்கத் தெரிந்த ஒரு கை அன்று எங்கள் வீட்டில் இல்லாதிருந்தால், நான் இன்று இந்த மலரில் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். வேறு எங்கோ மூட்டை தூக்கிக்கொண்டிருப்பேன். இது மிகைப்படுத்தல் அன்று.

இப்போது அந்த 'அவன்' யார் என்ற கேள்விக்கு வருகிறேன்.

டிராக்டர் வரலாற்றில் ஹாரி பெர்குசன் என்ற பெயர் பெரியது. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை அவருடைய சிறிய சாம்பல் நிற டிராக்டர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாராயின. எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4 அன்று தென்துருவத்தை அடைந்தது பெர்குசன் டிராக்டர்களை ஓட்டிக்கொண்டுதான். என்னைக் கவர்ந்தது துருவம் அல்ல, ஒரு ஸ்பேனர். வயலில் உழவன் செய்ய வேண்டிய பெரும்பாலான வேலைகளுக்கு அந்த ஒரே ஸ்பேனர் போதும் என்னும்படி நட்டுகளின் அளவை அமைத்தார்கள். அதன் கைப்பிடியிலேயே அங்குலக் கோடுகளையும் போட்டு அளவுகோலாக்கினார்கள். உழவன் இதைத் தானே திறப்பான், தானே மூடுவான் என்று எண்ணி ஒருவர் செய்த இயந்திரம் அது. 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே வழியாக நம் வயல்களுக்கு வந்த மாசி பெர்குசன்கள் அந்தக் குடும்பத்தின் பிள்ளைகள். தோழனின் வீட்டுக் கொட்டகையில் நின்றதும் அதுவே.

இன்றைய நிலை என்ன? அமெரிக்காவில் புதிய டிராக்டர்கள் பலவற்றின் பழுதைக் கண்டறியக் கணினி மென்பொருள் வேண்டும். அதன் முழுமையான வடிவம் முகவரிடம் மட்டுமே இருக்கும். அறுவடை நேரத்தில் வண்டி நின்றால் உழவன் ஸ்பேனரோடு கைகட்டி நிற்கிறான். எதிர்த்துக் கூச்சல் எழுந்தது. கொலராடோ மாநிலம் 2023-ல் உழவர்களின் பழுதுபார்க்கும் உரிமைக்குச் சட்டம் செய்தது. ஜான் டியர் நிறுவனத்தின் மீது அந்நாட்டுக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் வழக்கே தொடுத்தது. நம் நாட்டிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைபேசி முதலிய மின்னணுப் பொருள்கள், வீட்டுச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் என நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். நல்லது. மீனவனின் எஞ்சின் அந்த நான்கில் பெயர் சொல்லப்படவில்லை. டிராக்டர் வயலில் நின்றால் உழவன் வீட்டுக்கு நடந்து போகலாம். படகு எஞ்சின் நின்றால் மீனவன் எங்கே நடப்பது?

காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறக்கும் உரிமையும் அறிவும் எவனிடம் இருக்கிறதோ, அவனே அதன் உண்மையான சொந்தக்காரன். ரசீது வைத்திருப்பவன் வாடகைக்காரன். இது என் துணிபு. பழையதைக் காப்பாற்றுகிறவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்றும் கஞ்சர்கள் என்றும் நாம் பேசுவது நம் அறியாமை.

நான் பழமைவாதி அல்லன். மாமாவின் இடது காது ஏறக்குறைய செவிடு; இருபது ஆண்டு அந்தப் 'படபட' ஓசைக்குப் பக்கத்தில் அமர்ந்ததன் கூலி. புகை நெஞ்சுக்கு நல்லதன்று. உதிரிப் பாகம் ஒன்றுக்காகக் காசிமேட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, கிடைக்காமல் லேத் பட்டறையில் கடைந்து வாங்கிய நாள்கள் உண்டு. அதைவிட, ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இறக்கிய ஆயிலை எங்களவர் சிலர் மணலிலேயே ஊற்றிவிடுகிறார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் ஏறி வந்து முட்டையிடும் மணல் அது. 1988 முதல் மாணவர்கள் இரவு இரவாக இந்தக் கரையில் நடந்து அந்த முட்டைகளைக் காத்துவருகிறார்கள். அவர்கள் காக்கும் மணலில் நாங்கள் ஆயில் ஊற்றலாமா? அமைதியான, புகையற்ற எஞ்சின் நாளை வருமானால் முதலில் மகிழ்பவன் நான். ஆனால் அதையும் திறந்து பார்க்க எங்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுத் தர வேண்டும்.

அரசினரும் தொண்டு நிறுவனத்தாரும் எஞ்சின் தருகிறார்கள், புகைப்படம் எடுக்கிறார்கள். உதிரிப் பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று யாரும் சொல்வதில்லை. எங்கள் கரைக்கு நான் கேட்பது பெரிதில்லை. ஒரு கூரை, அதன் கீழ் மணல் ஏறாத சிமென்ட் தரை, ஒரு மேசையும் வைஸும், பழைய ஆயிலை ஊற்றி வைக்க ஒரு பீப்பாய். உடைந்த பாலத்தைப் பார்த்திருப்பீர்கள். மீனவர்கள் முகத்துவாரத்தைக் கடப்பதற்காக 1967-ல் கட்டினார்கள். 1977-ல் வெள்ளம் அடித்துப் போயிற்று. பிறகு அதில் சினிமாக்காரர்கள் பாட்டு எடுத்தார்களே தவிர, யாரும் பழுது பார்க்கவில்லை. அந்த அனுபவத்தால்தான் சிறிதாகக் கேட்கிறேன்.

நம் கல்லூரியிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் கடற்கரையில் குப்பை பொறுக்க வருவதை நான் கண்டிருக்கிறேன். நல்ல பணி. அடுத்த முறை கோணிப்பையோடு ஒரு நோட்டுப் புத்தகமும் கொண்டுவாருங்கள். மாமாவுக்கு வலக்கண்ணில் புரை விழுந்திருக்கிறது. டாப்பெட் இடைவெளியை இப்போது கண்ணால் அல்ல, விரலால்தான் பார்க்கிறார். அவருக்குத் தெரிந்தது எதுவும் எந்தத் தாளிலும் இல்லை. வரலாற்றுத் துறையில் கல்வெட்டைப் படியெடுக்கக் கற்றுக்கொள்கிறோம். கல் இன்னும் ஆயிரம் ஆண்டு காத்திருக்கும். இயற்பியல், வேதியியல் மாணவர்கள் 'ஏன்' என்று கேளுங்கள். வரலாற்று மாணவர்கள் 'எப்போதிலிருந்து' என்று கேளுங்கள். தமிழ்த்துறைத் தோழர்களுக்குக் கலைச்சொல் நிறையக் கிடைக்கும்; அகராதியில் இல்லாதவை.

நான் தேர்வாணையத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். வேலை கிடைத்தால் போய்விடுவேன், ஒளிப்பானேன்? மாமாவின் மகள், ஒன்பதாம் வகுப்புப் படிப்பவள், கொட்டாங்குச்சித் திருகுகளை வரிசை தவறாமல் எடுத்துத் தருகிறாள். 'பெண்பிள்ளைக்கு இது எதற்கு?' என்று அத்தை திட்டுகிறார். மாமாவுக்கு எந்தக் காதில் கேட்கவில்லை என்று முன்பே சொல்லியிருக்கிறேன். அத்தை திட்டும்போது அவர் அந்தக் காதைத்தான் காட்டுகிறார்.

இப்போது நாசில் காசிமேட்டில் சோதனைக்குப் போயிருக்கிறது. டீசலைப் பனிபோலத் தூவ வேண்டியது, சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறதாம். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிறு காலை, வெயில் ஏறுவதற்கு முன் மாட்டுகிறோம். பார்க்க விரும்பும் தோழர்கள் வரலாம். வீட்டில் கிழிந்த பருத்தி வேட்டி இருந்தால் எடுத்து வாருங்கள். துடைக்கத் துணி எப்போதும் போதுவதில்லை.